ஜோசப் பிரவுன்: ஒரு மாநிலம் நாட்டை விட்டு வெளியேறியது எப்படி?

1861 ஜனவரி 3ஆம் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரிலிருந்து தன்னார்வப் படையினர் நீராவிப் படகில் கிளம்பி, ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த புலாஸ்கி கோட்டையைக் கைப்பற்றினார்கள். கோட்டை மத்திய அரசுக்குச் சொந்தமானது. காவலுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்ததால் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. உத்தரவிட்டவர் மாநில ஆளுநர் ஜோசப் எமர்சன் பிரவுன். அன்றைய தேதியில் ஜார்ஜியா அமெரிக்காவின் ஒரு மாநிலமாகவே இருந்தது. பிரிந்து செல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய மாநாடு இன்னும் கூடவில்லை. அந்த மாநாட்டுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவே முந்தைய நாள்தான் நடந்திருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல்களில் 'தென் மாநிலங்கள் பிரிந்தன' என்ற வாக்கியம் சர்வசாதாரணமாக வந்துபோகும். ஏதோ காய்ந்த கிளை தானாக முறிந்து விழுந்ததைப் போன்ற தோற்றத்தை அது தருகிறது. உண்மையில் ஒவ்வொரு மாநிலத்திலும் சிலர் திட்டமிட்டார்கள், பணம் ஒதுக்கினார்கள், ஆயுதம் வாங்கினார்கள், தயங்கியவர்களை அச்சுறுத்தினார்கள். அவர்களில் முதன்மையானவர்கள் ஆளுநர்கள். பிரிவினை என்றால் என்ன, 'மாநில உரிமை' என்ற முழக்கம் அங்கே எதைக் காப்பதற்காக எழுந்தது என்பதை விளங்கிக்கொள்ள, பிரவுனின் வாழ்க்கையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். இந்தியாவில் ஆளுநர் என்பவர் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர் என்று கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் அவருக்கு இன்னொரு வலிமையும் இருந்தது. மாநிலத்தின் குடிப்படைக்கு அவரே தலைமைத் தளபதி. மத்திய அரசின் நிரந்தர ராணுவம் அன்று மிகச் சிறியது. அதன் பெரும்பகுதி மேற்கு எல்லைப் பகுதிகளில் சிதறிக் கிடந்தது. அதனால் ஒரு மாநிலத்துக்குள் உடனே திரட்டக்கூடிய ஆயுதபலம் பெரும்பாலும் ஆளுநரின் கையில்தான் இருந்தது.

மலைநாட்டு விவசாயியின் மகன்

பிரவுன் 1821 ஏப்ரல் 15 அன்று தென் கரோலினாவில் பிறந்தார். வளர்ந்தது வடக்கு ஜார்ஜியாவின் மலைப்பகுதியில். பெரும் பருத்திப் பண்ணைகள் இல்லாத, சிறு விவசாயிகள் நிறைந்த நிலம் அது. படிக்கப் போனபோது விடுதிச் செலவுக்கு ஒரு ஜோடி எருதுகளைக் கொடுத்தார் என்பது அவரைப் பற்றி ஜார்ஜியாவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் யேல் சட்டப் பள்ளியில் பயின்றார். கான்டன் என்ற சிற்றூரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, 1849இல் மாநில செனட்டுக்கும் 1855இல் நீதிபதி பதவிக்கும் உயர்ந்தார்.

1857இல் ஜனநாயகக் கட்சியின் மாநில மாநாடு ஆளுநர் வேட்பாளரைத் தேர்வு செய்ய முடியாமல் திணறியது. பெரிய தலைவர்கள் எவருக்கும் போதிய ஆதரவு சேராத நிலையில், யாருக்கும் அதிகம் அறிமுகமில்லாத பிரவுனின் பெயரில் உடன்பாடு ஏற்பட்டது. செய்தி வந்தபோது அவர் வயலில் கோதுமைக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாராம். தேர்தலில் பெஞ்சமின் ஹில் என்ற வலுவான பேச்சாளரைத் தோற்கடித்து 36 வயதில் ஆளுநரானார்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் கடும் நிதி நெருக்கடி. காகிதப் பணத்துக்கு ஈடாகத் தங்கமோ வெள்ளியோ தர வங்கிகள் மறுத்தன. பிரவுன் வங்கிகளோடு மோதினார். அவற்றுக்குச் சலுகை தரும் மசோதாவை நிராகரித்தார். சட்டமன்றம் அந்த நிராகரிப்பை மீறி மசோதாவை நிறைவேற்றிவிட்டது என்றாலும், பணக்காரர்களுக்கு அஞ்சாத மனிதர் என்ற பெயர் சிறு விவசாயிகளிடம் அவருக்கு நிலைத்தது. அட்லாண்டாவையும் டென்னசியின் சட்டனூகாவையும் இணைத்த ரயில்பாதை அன்று மாநில அரசின் சொத்து. அதைச் சிக்கனமாக நடத்தி லாபம் ஈட்டச் செய்தார். அந்த வருமானத்திலிருந்து பள்ளிகளுக்கு நிதி போக வழி செய்யும் சட்டமும் அவர் காலத்தில் வந்தது.

இந்த நற்பெயரைப் பின்னால் எதற்குச் செலவழித்தார் என்பதை அறிந்தால்தான் 1860ஆம் ஆண்டின் குளிர்காலம் புரியும்.

பிரிவினை வாதத்தின் உள்ளே

1860 நவம்பர் 6 அன்று ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜார்ஜியாவில் அவருக்கான வாக்குச்சீட்டே வழங்கப்படவில்லை. ஏற்கெனவே அடிமைமுறை இருந்த மாநிலங்களில் அதை ஒழிக்கப்போவதாக லிங்கன் சொல்லவில்லை. புதிய பிரதேசங்களுக்கு அது பரவக் கூடாது என்பதே அவருடைய கட்சியின் நிலைப்பாடு. தெற்கின் பண்ணையார்களுக்கு அதுவே போதுமான அச்சுறுத்தலாகத் தெரிந்தது.

பிரிவினைவாதிகள் முன்வைத்த சட்ட வாதம் இது: அமெரிக்க அரசியல் சாசனம் இறையாண்மை கொண்ட மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை அங்கீகரிக்க ஒவ்வொரு மாநிலமும் தனி மாநாடு கூட்டியது. ஆகவே, இன்னொரு மாநாட்டைக் கூட்டி அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெறலாம். தென் மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானத்தோடு நிற்காமல் மாநாடுகளைக் கூட்டியது இதனால்தான். அரசியல் சாசனத்தில் வெளியேறும் உரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. ஒன்றியம் நிரந்தரமானது, ஒரு மாநிலம் தன்னிச்சையாக அதை முறிக்க முடியாது என்பது லிங்கனின் வாதம். 1869இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் தொடர்பான வழக்கு ஒன்றில் லிங்கனின் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்குள் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள்.

சட்ட வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிரவுன் என்ன செய்தார் என்று பார்ப்போம். லிங்கன் வென்ற மறுநாளே, நவம்பர் 7 அன்று, சட்டமன்றத்துக்கு ஒரு சிறப்புச் செய்தி அனுப்பினார். தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்ப மறுக்கும் வட மாநிலங்கள் மீது பொருளாதாரப் பதிலடி கொடுக்க வேண்டும் என்பது அதில் முக்கியக் கோரிக்கை. மாநிலப் பாதுகாப்புக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டார். சட்டமன்றம் ஒதுக்கியது.

முதற்கோரிக்கையைச் சற்று நின்று கவனியுங்கள். தப்பி வந்தவரைப் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று ஒரு வட மாநிலம் தன் எல்லைக்குள் சட்டம் இயற்றினால், அதுவும் மாநில உரிமைதானே? அந்த உரிமையைப் பிரவுன் ஏற்கவில்லை. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதை வட மாநிலங்கள் மீது முழு வேகத்தில் செயல்படுத்த வேண்டும் என்று தெற்கே கோரியது. மத்திய அதிகாரம் அடிமைமுறைக்குத் துணை நின்றபோது அதை வரவேற்றார்கள். துணை நிற்காது என்ற ஐயம் எழுந்தபோது மாநில உரிமை பேசினார்கள்.

அடுத்ததாக, 1860 டிசம்பர் 7 அன்று பிரவுன் வெளியிட்ட பகிரங்கக் கடிதம். என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான ஆவணம் அதுதான். அன்றைய ஜார்ஜியாவின் மக்கள்தொகை சுமார் 10,57,000. அவர்களில் சுமார் 4,62,000 பேர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். வெள்ளையர் ஏறத்தாழ 5,91,000 பேரில் அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்தவர்கள் சுமார் 41,000. குடும்பக் கணக்கில் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மற்ற வெள்ளையர்கள், குறிப்பாகப் பிரவுனின் சொந்த மலைநாட்டு மக்கள், பண்ணையாரின் சொத்துக்காக நாம் ஏன் சாக வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பதிலைத்தான் பிரவுன் எழுதினார். அடிமைகள் விடுதலையானால் உரிமையாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு வரியாக உங்கள் தலையில் விழும் என்றார். பணக்காரர்கள் நிலங்களையெல்லாம் வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் குத்தகைக்காரர்களாவீர்கள், விடுதலையான கறுப்பினத் தொழிலாளரோடு போட்டியிட்டு உங்கள் கூலி சரியும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழை வெள்ளையனும் வெள்ளையன் என்ற ஒரே காரணத்தால் உயர்குடியைச் சேர்ந்தவன். அடிமைமுறை போனால் அந்த உயர்வும் போய்விடும் என்று அச்சமூட்டினார். வங்கிகளை எதிர்த்து ஏழைகளின் நம்பிக்கையைப் பெற்ற மனிதர், அந்த நம்பிக்கையை முழுவதுமாக இந்த வாதத்தின் மீது வைத்தார். பிரவுனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

போர் அடிமைமுறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காகவே நடந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தக் கடிதத்தைப் படியுங்கள். அன்றைய ஆளுநரே எந்தத் தயக்கமும் இல்லாமல் காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்.

மாநாடும் மறைந்த கணக்கும்

ஜார்ஜியா ஒரே குரலில் பேசவில்லை. 1860 நவம்பரில் தலைநகர் மில்லெட்ஜ்வில்லில் பெரிய விவாதம் நடந்தது. ராபர்ட் டூம்ஸ் போன்றவர்கள் உடனடிப் பிரிவினை கேட்டார்கள். அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், பெஞ்சமின் ஹில் ஆகியோர் பொறுத்திருக்கச் சொன்னார்கள். இந்த ஸ்டீபன்ஸ்தான் சில மாதங்களில், பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணைத் தலைவரானார். 1861 மார்ச்சில் சவானாவில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார். பொறுத்திருக்கச் சொன்னவர்களுக்கும் அடிமைமுறையில் மறுப்பு இருக்கவில்லை. ஒன்றியத்துக்குள் இருந்தபடியே அதைக் காக்க முடியும் என்பதே அவர்கள் எண்ணம்.

பிரதிநிதிகளுக்கான தேர்தல் 1861 ஜனவரி 2 அன்று நடந்தது. உடனடிப் பிரிவினைக்கு எத்தனை வாக்கு, எதிராக எத்தனை வாக்கு என்ற மொத்தக் கணக்கைப் பிரவுன் அப்போது வெளியிடவில்லை. மாதங்கள் கழித்து, கேட்கப்பட்ட பிறகு, பிரிவினைக்குத் தெளிவான பெரும்பான்மை என்று காட்டும் எண்களைத் தந்தார். 20ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர்கள் மாவட்ட வாரியாக ஆராய்ந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமம் என்று தெரியவந்தது. ஒரு மாநிலத்தின் தலையெழுத்தை மாற்றிய தேர்தலின் உண்மையான முடிவு அந்த மக்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

மாநாட்டில் முதல் பலப்பரீட்சை பிரிவினைக்குச் சாதகமாக 166க்கு 130 என்று முடிந்தது. அதற்கடுத்த நாள், ஜனவரி 19 அன்று, பிரிவினைத் தீர்மானம் 208க்கு 89 என்று நிறைவேறியது. தோற்றது உறுதி என்று தெரிந்ததும் பலர் ஒற்றுமைக்காகப் பக்கம் மாறியதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். தென் கரோலினா, மிசிசிப்பி, ஃபுளோரிடா, அலபாமாவுக்குப் பிறகு வெளியேறிய ஐந்தாவது மாநிலம் ஜார்ஜியா. புலாஸ்கி கோட்டை முன்பே பிரவுனின் வசம் இருந்தது. ஜனவரி 24 அன்று அகஸ்டாவில் இருந்த மத்திய ஆயுதக் கிடங்கும் பணிந்தது. ஜார்ஜியாவுக்கு வரவேண்டிய துப்பாக்கிகளை நியூயார்க் போலீசார் தடுத்து வைத்ததற்குப் பதிலடியாக, சவானா துறைமுகத்தில் நின்ற நியூயார்க் கப்பல்களைப் பறிமுதல் செய்யவும் அவர் தயங்கவில்லை.

இந்த முறை எதிரி தெற்கே

1861 பிப்ரவரியில் தென் கூட்டமைப்பு உருவானது. ஜெஃபர்சன் டேவிஸ் அதன் தலைவர். ஏப்ரலில் போர் தொடங்கியது. தலைநகர் விரைவில் வர்ஜீனியாவின் ரிச்மண்டுக்கு மாறியது. மத்திய அரசோடு சண்டையிட்டு வெளியே வந்த பிரவுன், இப்போது தானே சேர்ந்து உருவாக்கிய புதிய மத்திய அரசோடு சண்டையிடத் தொடங்கினார்.

1862 ஏப்ரலில் கூட்டமைப்பு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையிலான வெள்ளை ஆண்கள் ராணுவத்தில் சேர வேண்டும். ஒரு மாநிலத்தின் குடிமகனை ஆளுநரின் அனுமதியின்றி இழுத்துச் செல்வது சாசன விரோதம் என்று பிரவுன் டேவிசுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். அந்தக் கடிதங்கள் நாளிதழ்களிலும் வெளிவந்தன. ஜார்ஜியாவின் சொந்த உச்ச நீதிமன்றமே அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகும் அவர் விடவில்லை. மாநில அலுவலர்கள், குடிப்படை அதிகாரிகள் என்று ஆயிரக்கணக்கானோருக்கு விலக்கு அளித்தார். அதே ஆண்டு அக்டோபரில், இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு என்று ரிச்மண்ட் அறிவித்தபோது, ஏழை விவசாயிகளின் ஆத்திரம் பெருகியது. பிரவுனின் எதிர்ப்புக்கு அது வலுச்சேர்த்தது.

துப்பாக்கிப் பற்றாக்குறையைச் சமாளிக்க நீண்ட கழிகளில் ஈட்டி முனை பொருத்தி ஆயிரக்கணக்கில் செய்யவைத்தார். 'ஜோ பிரவுனின் ஈட்டிகள்' என்று அவை பெயர் பெற்றன. பீரங்கிகளின் காலத்தில் அவற்றால் பயன் ஏதும் இல்லை. அவர் எடுத்த மற்ற நடவடிக்கைகள் பயனுள்ளவை. பஞ்ச காலத்தில் உப்பை வாங்கிப் பகிர்ந்தளித்தார். தானியத்தை வீணாக்கும் சாராய வடிப்பைத் தடுத்தார். உணவுப் பயிர் பெருகட்டும் என்று பருத்திச் சாகுபடிக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டத்துக்கு முன்நின்றார். படைவீரர் குடும்பங்களுக்கு உதவி கிடைக்கச் செய்தார். 1861லும் 1863லும் மீண்டும் வென்று, மொத்தம் நான்கு முறை ஆளுநரானதற்கு இவையும் காரணம்.

1864இல் விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரத்தை டேவிஸ் அரசு கையிலெடுத்தபோது, பிரவுனும் துணைத் தலைவர் ஸ்டீபன்சும் சேர்ந்து வெளிப்படையாகக் கண்டித்தார்கள். செப்டம்பரில் அட்லாண்டா வீழ்ந்த சில நாட்களிலேயே தன் மாநிலப் படையைக் கூட்டமைப்புத் தளபதியிடமிருந்து திரும்பப் பெற்று, அறுவடைக்கு வீட்டுக்கு அனுப்பினார். வடக்கின் தளபதி ஷெர்மன் இந்தப் பிளவைக் கவனித்து, ஜார்ஜியா தனியாகச் சமாதானம் செய்துகொள்ளலாமே என்று தூது விட்டார். பிரவுன் உடன்படவில்லை. நவம்பரில் ஷெர்மனின் சுமார் 60,000 பேர் அட்லாண்டாவிலிருந்து கடலை நோக்கி நடந்தார்கள். கிரிஸ்வோல்ட்வில் என்ற இடத்தில் முதியவர்களும் சிறுவர்களும் நிறைந்த மாநிலப் படை அனுபவப்பட்ட சேனையின் மீது மோதி, பெரும் உயிர்ச்சேதத்தோடு பின்வாங்கியது. மில்லெட்ஜ்வில் வீழ்ந்தது. அங்கே சட்டமன்றக் கட்டடத்தில் வடக்கின் அதிகாரிகள் விளையாட்டாக ஓர் அவை கூட்டிப் பிரிவினைத் தீர்மானத்தை ரத்து செய்தார்கள்.

பிரவுனின் பிடிவாதத்தால்தான் கூட்டமைப்பு தோற்றது என்று ஒரு காலத்தில் வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதினார்கள். எனக்கு அது மிகையாகவே படுகிறது. அவர் ஆட்சியில் ஜார்ஜியா பெருமளவில் வீரர்களை அனுப்பியது. அவருடைய மாநில உரிமைக் கொள்கையின் எல்லை எது என்பதை 1865ஆம் ஆண்டின் தொடக்கம் காட்டியது. தோல்வி நெருங்கியபோது, அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்ற யோசனை ரிச்மண்டில் எழுந்தது. பிரவுன் கடுமையாக எதிர்த்தார். அவர்கள் நல்ல போர்வீரர்கள் என்று நிரூபணமாகிவிட்டால், விடுதலைக்கு அவர்கள் தகுதியற்றவர்கள் என்ற நம் கோட்பாடே தகர்ந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

தோல்விக்குப் பின் வந்த வெற்றிகள்

1865 மே மாதம் அவர் கைதாகி வாஷிங்டன் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சில வாரங்களில் விடுதலை. ஜூன் இறுதியில் பதவி விலகல், செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் மன்னிப்பு. அதற்குப் பிறகு அவர் செய்தது தெற்கையே திகைக்க வைத்தது. வடக்கின் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 1867இல் வெளிப்படையாக எழுதினார். லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1868இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். பழைய நண்பர்கள் துரோகி என்று தூற்றினார்கள்.

1869இல் அந்த நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. கறுப்பினத்தவர் அரசுப் பதவி வகிக்கத் தகுதியுள்ளவர்கள் என்றது ஒன்று. அந்தப் பெரும்பான்மையில் பிரவுனும் இருந்தார். இனக்கலப்புத் திருமணத் தடை செல்லும் என்றது மற்றொன்று. அதைப் பிரவுனே எழுதினார்.

1870இல் பதவியை விட்டு, தான் ஆளுநராக நடத்திய அதே அரசு ரயில்பாதையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தின் தலைவரானார். மாதம் 25,000 டாலர், 20 ஆண்டுக் குத்தகை. கூடவே நிலக்கரிச் சுரங்கங்கள், இரும்பு உலைகள், நிலங்கள். ஜனநாயகக் கட்சிக்கும் திரும்பினார். 1880 முதல் 1891 வரை அமெரிக்க செனட்டராக இருந்தார். ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர்களின் கல்விக்காக 50,000 டாலர் கொடுத்தார்.

அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. போருக்குப் பின் ஜார்ஜியா தன் சிறைக் கைதிகளைத் தனியார் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது. 1876ஆம் ஆண்டின் சட்டம் இதை 20 ஆண்டுக் குத்தகையாக்கியது. பிரவுனின் டேட் நிலக்கரி நிறுவனம் இந்தக் கைதிகளைச் சுரங்கத்தில் வேலை வாங்கியது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். சின்னத் திருட்டுக்குக்கூட ஆண்டுக்கணக்கில் தண்டனை பெற்றவர்கள் பலர். சங்கிலி, சவுக்கு, ஈரமும் இருளும் நிறைந்த சுரங்கம், கூலி கிடையாது. கறுப்பினத்தவர் விடுதலையானால் என்னவாகும் என்று 1860இல் ஏழை வெள்ளையரை மிரட்டியவர், விடுதலையான அதே மக்களின் கட்டாய உழைப்பில் இரண்டாம் முறை செல்வந்தரானார்.

பிரவுன் 1894 நவம்பர் 30 அன்று அட்லாண்டாவில் இறந்தார். கைதிகளை வாடகைக்கு விடும் முறையை ஜார்ஜியா 1908இல்தான் ஒழித்தது. மறு ஆண்டு அந்த மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் ஜோசப் மெக்கீ பிரவுன், இவருடைய மகன்.